உப்புப் பார்க்கிறவர்

முந்நூற்று இருபது பேருக்குப் பொங்கிப் போடுகிற ஆளுக்கு, வீட்டில் இரண்டரை வயசு வாய் ஒன்றைத் திறக்கவைக்க முடியவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அண்டாவைக் கிளறினார். வேறென்ன செய்வது?

அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையின் கேன்டீனில் அவருக்கு உப்பு மாஸ்டர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட உப்புக் கூடியது, குறைந்தது என்று எவனும் தட்டைத் தள்ளியதில்லை. விடிவதற்கு முன் பின்வாசல் வழியாக உள்ளே நுழைவார். பர்னரைப் பற்றவைத்தால் பசைக் கொதிகலனின் சூடும் அடுப்பின் சூடும் சேர்ந்துகொண்டு ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மாதம் மழை வேறு வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு வராமல் போய்க்கொண்டிருந்தது. புழுக்கத்தில் வெங்காயம் உரிக்கிறவர்களுக்குக் கண்ணீர் எது, வேர்வை எது என்று தெரியாது.

அவர் உப்புப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கரண்டியைத் தூக்கி இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவார். நக்குவார். கண்ணை இறுக மூடி, மூக்கைச் சுருக்கி, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். பிறகு தொட்டியில் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பார். துப்பாமல் முடியாது. ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு பாத்திரம் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் விழுங்கினால் பாதியிலேயே நாக்கு மரத்துப்போகும், அப்புறம் உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசித் தட்டு போகிறவரை சமையல்காரன் சாப்பிடவும் கூடாது. அந்த அடுப்படியில் அது சட்டம். கடைசித் தட்டு போனபிறகு சாப்பிடலாம் என்றால், அத்தனை ஆவியைக் குடித்த மனுஷனுக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். ஒரு டம்ளர் தேநீரோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

வீட்டில் அவர் மனைவி கிளம்பி நிற்பாள். அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மதியம் ஒன்றரையிலிருந்து ஒன்பதரைவரை வேலை. இவர் வந்து சேர பன்னிரண்டே முக்கால். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள நாளைக்குக் கால் மணி நேரம். சண்டை, சமாதானம், குழாய் ஒழுகுவது, குழந்தைக்குச் சளி, எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை கால் மணி நேரத்தில் ஐந்து நிமிஷம் அவள் பேசவே இல்லை. தலைமுடியைத் துணிக்குள் அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றார்.

"அக்கா போன் பண்ணிச்சு."

"என்னவாம்?"

"ஞாயித்துக்கெழம வருதாம். குட்டியக் கூட்டிட்டுப் போக."

"கூட்டிட்டுப் போகட்டும். நாலு நாள் இருந்துட்டு வரட்டும்."

"நாலு நாள் இல்லங்க. ஆறு மாசம்."

மாஸ்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "ஏன்? நம்ம வீட்ல அடுப்பு எரியலையா?"

"எரியுது. யார் இல்லன்னா? உள்ள எறங்கலையே! நர்ஸம்மா சொன்னது மறந்துபோச்சா? மூணு மாசமா தராசு முள்ளு அதே எடத்துல நிக்குதாம். பகல்ல நான் கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு டம்ளர் பாலக் குடிக்கவைக்கறேன். சாயங்காலம் நீங்க பண்றதுல ஒரு வாய் எறங்குதா? அக்கா வீட்ல மூணு புள்ளைங்க. கூட்டத்தோட கூட்டமா தின்னுடும்னு சொல்லுது."

"உங்கக்கா வீடு ஒம்போது மணி நேரப் பயணம்."

"தெரியும்."

"ஆறு மாசம் கழிச்சு வந்தா என்னப் பார்த்து யார் இந்த ஆளுன்னு கேக்கும்."

"எனக்கு மட்டும் அனுப்பணும்னு ஆசையா? பெத்தவ நான்." பையைத் தோளில் மாட்டினாள். "ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கெழம அக்கா கண் முன்னாடி ஒரு வேள, ஒரே ஒரு வேள, அவ ஒழுங்காச் சாப்பிடட்டும். மிச்சத்த நான் பேசிக்கறேன்."

அவள் போய்விட்டாள். குட்டி கதவிடுக்கில் விரலை விட்டு எடுத்து விளையாடிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை. அந்தப் பயத்தில் அவர் செய்தது அவருக்குத் தெரிந்த ஒரே காரியம். நேராக அடுப்படிக்குப் போய் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

செய்தி மறுநாள் காலைக்குள் கேன்டீன் முழுக்கப் பரவிவிட்டது. தட்டை நீட்டுகிற ஒவ்வொருவனும் ஒரு யோசனையும் சேர்த்து நீட்டினான்.

"முட்டைய அவிச்சு நீளநீளமா வெட்டுங்க மாஸ்டர், வெரல் மாதிரி. அதுவே கையில பிடிச்சுத் திங்கும்," என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

"காரட்டத் துருவி மாவோட சேர்த்துச் சின்னச் சின்ன வடிவமா சுட்டுக் குடுங்க. நிலா, நட்சத்திரம்னு. என் பையன் அப்படித்தான் மயங்கினான்," என்றாள் அச்சுப் பிரிவிலிருந்து வந்தவள்.

"எதையும் எதோடயும் ஒட்டவிடாதீங்க. உருளைக்கெழங்கு தனியா, பட்டாணி தனியா. ஒட்டுச்சுன்னா தொடாது. எங்க வீட்டுது ராஜகுமாரன், அப்படித்தான்," என்றார் வரிசையில் அடுத்து நின்றவர்.

வாட்ச்மேன் மட்டும் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பசிச்சா தானா திங்கும். விடுங்கய்யா," என்றார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மாஸ்டர் எல்லாவற்றையும் செய்தார். கண்ணும் கருத்துமாகச் செய்தார். செவ்வாய்க்கிழமை முட்டை விரல்கள். புதன்கிழமை காரட் நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு ஐந்து முனையும் சரியாக வரவேண்டும் என்று முதல் ஈட்டை முழுக்கக் கலைத்துவிட்டு இரண்டாவது ஈடு சுட்டார். வியாழக்கிழமை மசித்த உருளைக்கிழங்கு ஒரு மூலையில், வேகவைத்த பட்டாணி இன்னொரு மூலையில், நடுவில் ரொட்டித் துண்டு, ஒன்றோடொன்று முகம் பார்க்காமல்.

ஒவ்வொரு நாளும் ஆறரை மணிக்குக் குட்டியை அடுப்படி மேடைக்குப் பக்கத்தில் உயர நாற்காலியில் உட்காரவைப்பார். இடுப்பில் துண்டு, கையில் கரண்டி. கேன்டீன் முறையிலேயே உப்புப் பார்ப்பார். திருப்தியானதும் தட்டில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கேன்டீனில் புதுக் குழம்பு இறக்குகிற நாளில் நிற்கிற அதே நிற்பு.

குட்டி அழுதாலாவது ஒரு கணக்கில் சேர்த்தி. அழாது. தட்டைத் தள்ளாது. ஒரு துண்டை எடுத்து வாயில் வைக்கும். கண்ணை மூடும். மூக்கைச் சுருக்கும். பிறகு நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, மூலையில் இருக்கிற சாக்கடைத் துளைவரை நிதானமாக நடந்துபோய், குனிந்து, துப்பும். திரும்பி வந்து அடுத்த துண்டை எடுக்கும். அதுவும் துளைக்குத்தான் போகும். தட்டு காலியாகிவிடும், வயிறும் காலி.

"ஏன்டா செல்லம், நல்லால்லையா?"

"நல்லாக்கு."

"நல்லா இருந்தா ஏன் துப்பற?"

குட்டி அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பது மாதிரி பார்க்கும்.

வியாழக்கிழமை அந்தப் பட்டாணி கடைசி மணிவரை துளைக்குள் போனபோது மாஸ்டருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "போ! உங்க பெரியம்மாவோடயே போ! அங்க போய்த் துப்பு!" என்று கத்திவிட்டார். குட்டியின் உதடு பிதுங்கியது. உடனே தூக்கிக்கொண்டார். தோளில் கனமே இல்லை. அந்தக் கனமில்லாததுதான் அவரைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை ஒருவழியாக மழை வந்தது. சட்டையெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிய பிறகு பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைய யோசனை ஸ்டோரில் மூட்டை எண்ணுகிறவருடையது, பூசணியைக் குழைய வேகவைத்து வெண்ணெய் போட்டால் எந்தக் குழந்தையும் விடாதாம். முன்னறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. குட்டி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

தரையில் ஒரு துணிப் பொம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் பவுடர் டப்பா மூடி. மூடிக்குள் தண்ணீர். குட்டி இடுப்பில் அம்மாவின் கைத்துண்டைச் செருகிக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் குச்சியால் கிளறியது. குச்சியைத் தூக்கி இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டது. நக்கியது. கண்ணை இறுக மூடி, மூக்கைச் சுருக்கியது. பிறகு எழுந்து, மாஸ்டரின் காலை உரசிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, துளையில் துப்பிவிட்டுத் திரும்பிப் போனது. பொம்மைக்கு எதிரே இரண்டடி தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டது.

"ம்ம். சாப்பு," என்றது.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தப் பிள்ளை எதையும் வேண்டாம் என்று துப்பவில்லை. சாப்பாடு என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு துப்பியிருக்கிறது. பிறந்ததிலிருந்து அது பார்த்த அப்பன் அடுப்புக்கு முன்னால் நின்று நக்குவான், முகத்தைச் சுளிப்பான், துப்புவான். அவன் ஒரு வாய் மென்று விழுங்கி அது பார்த்ததே இல்லை. பார்க்க வழியேது? அவர் சாப்பிடுவது அது தூங்கினபிறகு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, சட்டியில் ஒட்டியிருப்பதை. மனைவி சாப்பிடுவது சலவைக்கூடத்தில், ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவில், டப்பாவிலிருந்து. காலையில் குழந்தைக்குப் பால் ஆற்றுகிற நேரத்தில் அவள் வாயில் ஒரு ரொட்டித் துண்டு நடந்துகொண்டே போய்விடும். அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் சேர்ந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த நாள் ஒன்றுகூட அவர் நினைவில் வரவில்லை. அடுப்பும் அண்டாவுமே கதியென்று கிடக்கிறவன் வீட்டில்தான் இப்படியொரு கூத்து நடக்கும்.

இதுதான் காரணம் என்று யாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யமுடியாது. குழந்தை மனசுக்குள் போய்ப் பார்த்தவர் யார்? ஆனால் அவர் நம்பினார்.

அன்று ஆறரை மணிக்கு நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் படக் படக்கென்றன. பூசணியைத் தட்டில் போட்டு நடுவில் வைத்தார். குட்டி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தது. அப்பா உட்கார்ந்திருப்பதே அதற்குப் புதுசு.

ஒரு வாய் எடுத்தார். காலையிலிருந்து குடித்த ஆவி தொண்டையில் நின்றது. குமட்டியது. மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைச் சுருக்கக்கூடாது, சுருக்கக்கூடாது என்று முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விழுங்கினார்.

குட்டி பக்கத்தில் வந்தது. இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து வாயைத் திறந்து உள்ளே பார்த்தது.

"எங்க?"

"உள்ள போயிடுச்சு."

"துப்பு."

"துப்பமாட்டேன். எனக்கு வேணும்."

அது யோசித்தது. அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார். மறுபடியும் பரிசோதனை. நாக்குக்கு அடியில்கூட விரலை விட்டுத் தேடியது. மூன்றாவது வாய்க்கு அது தன் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. துளையைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. அவர் மென்றுகொண்டே இருந்தார், மூச்சுக்கூட விடவில்லை. குட்டியின் கழுத்தில் சின்னதாக ஒரு அசைவு.

"போச்சு," என்று வாயைத் திறந்து காட்டியது.

ஆறு துண்டு சாப்பிட்டது. மாஸ்டர் அன்று பதினோரு வருஷப் பழக்கத்தை முறித்துக்கொண்டு ஒரு தட்டுப் பூசணி சாப்பிட்டார்.

சனிக்கிழமைக் கால் மணி நேரத்தில் இதை மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. "நீங்க தின்னா அவ வயிறு நெறையுமாக்கும்!" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு துண்டா? நெசமா?" என்றாள். பிறகு, "அக்கா ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இனி என்ன சொல்லி நிறுத்தறது?" என்றாள். வேலைக்குப் போகிற வழியில் அழுதாளோ என்னவோ, அன்று இரண்டு தடவை துணியை மெஷினில் மாற்றிப் போட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து இறங்கினாள். நல்ல உயரம், கணீரென்ற குரல், உள்ளே நுழையும்போதே சுவரிலிருந்து கூரைவரை ஒரு நோட்டம். துணி வைக்கக் காலிப் பை ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். குட்டியைத் தூக்கி எடை பார்க்கிற மாதிரி ஆட்டினாள்.

"பஞ்சு மூட்டை கனம்கூட இல்லையேடி! என்ன தம்பி இது? ஊருக்கெல்லாம் வடிச்சுக் கொட்டற கை."

"இப்ப சாப்பிடுது அண்ணி," என்றார் மாஸ்டர்.

"எப்ப இருந்து?"

"முந்தாநேத்துல இருந்து."

பெரியம்மா தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மாஸ்டருக்கு முகம் செத்துப்போனது.

ஆறு மணிக்கு அவளுக்குத் திரும்பிப் போகிற பஸ். ஆகவே நாலு மணிக்கே சாப்பாடு. உருளைக்கிழங்கு, முட்டை, குழைந்த சோறு, பட்டாணி. பாத்திரம் இறங்குவதற்குள் பெரியம்மா குட்டியை உயர நாற்காலியில் தூக்கி வைத்து, கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு எதிரே நின்றாள். "குழந்தைக்கு ஊட்டறதுக்கும் ஒரு கை வேணும். ஆ காட்டு. காட்டுடி கண்ணு."

குட்டி ஆ காட்டியது. கண்ணை மூடியது. மூக்கைச் சுருக்கியது. இறங்கி நடந்துபோய்த் துளையில் துப்பியது.

"பாத்தியா?" என்றாள் பெரியம்மா மெதுவாக. அவள் குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "துணிய எடுத்து வை. நேரமாகுது."

மனைவி அலமாரிப் பக்கம் திரும்பினாள். மாஸ்டர் தட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"என்னங்க!" என்றாள் மனைவி, வெட்கத்தில். "அக்கா பட்டினியா நிக்குது. வந்தவங்களுக்குப் போடாம நீங்க பாட்டுக்கு..."

அவர் தலை நிமிரவில்லை. உருளைக்கிழங்கை மென்று விழுங்கினார். காது மடல் சிவந்துவிட்டது. பதினோரு வருஷமாகக் கடைசித் தட்டு போகும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், ஒன்பது மணி நேரம் பயணம் செய்து வந்த பெண்பிள்ளை எதிரில் நிற்க, முதல் ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குட்டி துளைப் பக்கமிருந்து ஓடி வந்து அவர் மடியில் ஏறியது. வாயைத் திறந்து பார்த்தது. "போச்சா?" "போச்சு." ஒரு துண்டு எடுத்துத் தின்றது. வாயைத் திறந்து அவருக்குக் காட்டியது. இன்னொன்று. பிறகு பட்டாணி, ஒவ்வொன்றாக. பெரியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மனைவி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். குட்டி ஒரு துண்டை அவள் வாய்க்கு நேராக நீட்டியது. "அம்மா, ஆ." அவள் வாங்கிக்கொண்டாள். மெல்லும்போதே அழுதாள். குட்டி அவள் வாயையும் விடாமல் பரிசோதித்தது.

பிறகு முட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவுக்கு எதிரே போய் நின்றது. "பெரிம்மா, ஆ."

"எனக்கு வேணாம்டி. நீ சாப்பிடு. நான் அப்புறமா..."

குட்டி கையை இறக்கவில்லை. எட்டாத உயரம், நுனிக்காலில் நின்றது. பெரியம்மா குனியவேண்டியிருந்தது. வாங்கி மென்றவள், மென்றபடியே நின்றுவிட்டாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

"ஆத்தித் தரட்டுமா அண்ணி?"

"வேணாம், வேணாம்." அவள் கரண்டியை மேடையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வீட்ல எட்டுப் பேரு தம்பி. எல்லாருக்கும் போட்டுட்டு நான் உக்காரும்போது சட்டியில சூடு இருக்காது. பல நாள் சோறே இருக்காது. பதினாலு வருஷம்." சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். யாரும் பரிமாறவில்லை. அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள், இரண்டு தடவை. குட்டி மூன்று உருளைக்கிழங்குத் துண்டு சாப்பிட்டது. நடுநடுவே எழுந்து மூன்று பேர் வாயையும் சுற்றி வந்து பார்த்தது. தன் வாயைப் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டது.

ஐந்தரை மணிக்குப் பெரியம்மா எழுந்து கை கழுவினாள். துணியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வரேன்."

"குட்டியப் பார்க்கவாக்கா?"

"அதுக்கும்தான்," என்றாள் பெரியம்மா. பிறகு மாஸ்டரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வந்து ஒரு வேள சாப்பிட்டுட்டுப் போறேன், தம்பி."